கலிங்கா யார் வீட்டுப் பிள்ளை?



என் விலங்கியல் ரெக்கார்டு நோட்டில் ஒரு பக்கம் சிவப்பு மையால் அடிபட்டுக் கிடக்கிறது. அந்த நோட்டிலேயே நான் ரொம்ப ஆசைப்பட்டு, கலர் பென்சில் எல்லாம் வைத்து வரைந்த பக்கம் அதுதான். அடித்தது எங்கள் சார். அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இப்போது யோசித்தால் அவர் செய்ததுதான் சரி என்று படுகிறது. ஏன் அப்படிப் படுகிறது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கதை இதுதான். இரண்டாம் ஆண்டில் எங்களைத் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குக் கூட்டிப் போனார்கள். எனக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில். கடல் என்பது எங்களுக்குக் கோவில்பட்டி போய் பஸ் மாறிப் பார்க்கிற சங்கதி. விசைப்படகுகள் கரை சேர்ந்த நேரம். நல்ல மீனையெல்லாம் கூடை கூடையாக ஏலத்துக்கு எடுத்துப் போன பிறகு தளத்தில் ஒரு குவியல் மிச்சம் கிடந்தது. பொடி மீன், உடைந்த நண்டு, சிப்பி, சேறு. அதற்குள் உள்ளங்கை அளவில், வழவழவென்று, வெளிறிய உடம்பு முழுக்கச் செம்புள்ளிகளோடு ஏதோ ஒன்று. நான் கையை நீட்டியதும் படகில் இருந்த அண்ணாச்சி ஒருவர் சத்தம் போட்டார்.

"தம்பி, சொறியா இருக்கும், தொடாதப்பா! எல்லாம் கழிசல். கோழித் தீவனத்துக்குப் போறது."

சொறி என்றால் ஜெல்லி மீன். இது அது இல்லை என்று மட்டும் எனக்குத் தெரிந்தது. ஃபார்மலின் பாட்டிலில் போட்டுக் கொண்டு வந்துவிட்டேன். அடுத்த வாரம் ரெக்கார்டு எழுத உட்கார்ந்தபோது பாட்டிலுக்குள் இருந்தது அழுக்கு வெள்ளையில் சுருங்கிப்போன ஓர் உருண்டை. நிறம் எல்லாம் போயே போச்சு. பரவாயில்லை, எனக்குத்தான் ஞாபகம் இருக்கிறதே! இணையத்தில் படங்களைத் தேடினேன். செம்புள்ளியோடு ஒன்று கிடைத்தது. பெயர் கலிங்கா ஓர்னேட்டா. அந்தப் படத்தைப் பார்த்தே வரைந்து, அந்தப் பெயரையே கீழே எழுதி, அடிக்கோடும் போட்டேன்.

சார் கேட்டார்: "இது கலிங்கான்னு எப்படிச் சொல்றே?"

"நிறம் அப்படியே இருந்துச்சு சார்."

"நிறம் இப்ப எங்கே?"

"போயிடுச்சு சார்."

"நிறம் போனா பெயரும் போயிடுமா?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் பெயரை அடித்துவிட்டு, "ஓடில்லாத கடல் நத்தை, இனம் தெரியவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கோபத்தில்தான் கலிங்காவைப் பற்றித் தேட ஆரம்பித்தேன். தேடத் தேட ஒன்று புரிந்தது. நான் செய்த தப்பு என்னோடு தொடங்கியதல்ல. 150 வருஷத்துக்கும் மேலாகப் பெரிய பெரிய ஆட்களே இதே இடத்தில்தான் தடுமாறியிருக்கிறார்கள்.

அட்டையா, நத்தையா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். தமிழில் இந்தப் பிராணியைச் சிலர் "கடல் அட்டை" என்று எழுதுகிறார்கள். தப்பு. நம் கடற்கரையில் கடல் அட்டை என்றால் அது வேறு. அது நட்சத்திர மீனின் சொந்தம், முட்தோலி. 2001ல் மத்திய அரசு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் சேர்த்துப் பிடிக்கவே கூடாது என்று தடை போட்டதே, அதுதான் கடல் அட்டை. நான் சொல்வது நத்தை வகை, மெல்லுடலி. குஞ்சாக இருக்கும்போது குட்டியாக ஓர் ஓடு இருக்கும். வளரும்போது அதைக் கழற்றிப் போட்டுவிடும். செவுள் உடம்புக்குள் இல்லாமல் முதுகின் மேல் பூங்கொத்து மாதிரி விரிந்திருக்கும். தலையில் இரண்டு உணர்கொம்புகள். உலகக் கடல்களில் இந்த வகையில் 3,000 இனங்களுக்கு மேல் இருக்கின்றன. ஓடு போனதற்கு ஈடாகப் பலவற்றுக்கு விஷமும், அதை ஊருக்கு அறிவிக்கக் கண்ணைப் பறிக்கிற நிறங்களும் உண்டு.

கலிங்கா அதில் ஒரு பெரிய உருப்படி. சேறும் மணலுமான தரையில் ஊர்கிறது. வெளிறிய உடம்பில் செந்நிறக் கொப்புளங்கள். தொட்டால் இருட்டில் ஒளிரும். தின்பது எதைத் தெரியுமா? நொறுங்கு நட்சத்திர மீன்களை. பாம்பு மாதிரி நெளிகிற கைகளோடு, தொட்டால் கை ஒடிந்துவிடுமே, அவற்றை. அதாவது கடல் அட்டையின் சொந்தக்காரர்களையே பிடித்துத் தின்கிற ஒன்றைப் போய்க் கடல் அட்டை என்கிறோம்!

ஜப்பான்காரர்கள் இதற்கு "ஹனதென்ஷா" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விழாக் காலத்தில் பூவாலும் விளக்காலும் அலங்கரித்து ஓட்டுகிற டிராம் வண்டி என்று அர்த்தம். எங்கள் ஊர் ஆடித்தபசில் கோமதி அம்மன் வருகிற சப்பரம்தான் எனக்கு உடனே ஞாபகம் வந்தது. "பூஞ்சப்பரம்" என்று தமிழில் ஒரு பெயர் வைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

பாட்டிலில் போன நிறம்

கலிங்காவின் கதை விசாகப்பட்டினம் பக்கத்து வால்டேரில் தொடங்குகிறது. சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த வால்டர் எலியட், 1845 முதல் 1854 வரை வட சர்க்கார் பகுதிக்கு ஆணையர். அமராவதிச் சிற்பங்களைத் தோண்டி எடுத்தவரும், தென்னிந்திய நாணயங்களைப் பற்றிப் புத்தகம் எழுதியவரும் இவரேதான். கல்வெட்டு, செடி, பறவை, மீன் என்று எதையும் விடாத மனிதர். தாம் சேகரித்தவற்றை உள்ளூர் ஓவியர்களைக் கொண்டு வரைய வைப்பது அவர் வழக்கம்.

அவர் சேகரித்த ஓடில்லா நத்தைகள் இங்கிலாந்தில் நியூகாசில் நகருக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே ஜோஷுவா ஆல்டர், அல்பனி ஹான்காக் என்று இரண்டு நண்பர்கள். பிரிட்டிஷ் கடலின் ஓடில்லா நத்தைகளைப் பற்றி 1845 முதல் 1855 வரை பகுதி பகுதியாகப் பெரிய நூல் போட்டவர்கள். எலியட்டின் சேகரிப்பை ஆராய்ந்து 1864ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில்தான் கலிங்கா என்ற புதுப் பேரினமும், கலிங்கா ஓர்னேட்டா என்ற இனமும் பிறந்தன. ஓர்னேட்டா என்றால் லத்தீனில் "அலங்கரிக்கப்பட்டது". கலிங்கம் எது என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. பரணி பாடிய தேசம் ஆயிற்றே! அதோடு பழந்தமிழில் கலிங்கம் என்றால் துணி என்றும் ஒரு பொருள் உண்டு. நியூகாசில்காரர்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் "அலங்கரித்த துணி" என்று படித்தபோது, விசைத்தறி ஊரில் பிறந்த எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சாராயத்தில் போட்டாலும் ஃபார்மலினில் போட்டாலும் இந்த நத்தைகளின் நிறம் நிற்காது. உடம்பும் சுருங்கிவிடும். ஆக, அந்தக் காலத்தில் தூர தேசத்துப் பண்டிதருக்குக் கிடைத்தது இரண்டு: நிறம் இல்லாத ஓர் உடம்பு, உடம்பு இல்லாத ஒரு படம். இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் பெயர் வைக்க வேண்டும்.

இலங்கையிலும் இதே கதைதான். 1819ல் அங்கே பிறந்த டாக்டர் எட்வர்ட் பிரெடரிக் கெலார்ட், திருகோணமலைப் பக்கம் கண்ட ஓடில்லா நத்தைகளை விவரித்து 1858ல் எழுதினார். 1860ல் இங்கிலாந்துக்குப் போகும் வழியில் கப்பலிலேயே இறந்துபோனார். அவர் வரைந்த படங்களும் நியூகாசில் போய்ச் சேர்ந்தன. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு கழித்து, 1906ல், சார்லஸ் எலியட் என்பவர் அந்தப் படங்களையும் ஆல்டர், ஹான்காக் சேகரிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தென்னிந்திய, இலங்கை நத்தைகளில் எது எது என்று சரிபார்த்துக் கட்டுரை எழுதினார். இவர் வேறு எலியட்! கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆணையராக இருந்தவர், பிறகு ஜப்பானில் பிரிட்டிஷ் தூதர், இந்து மதத்தையும் பௌத்தத்தையும் பற்றி 1921ல் மூன்று பாகங்களில் நூல் எழுதியவர். ஒரே துறையில் இரண்டு எலியட் இருந்தால் எனக்கே தலை சுற்றுகிறது. ஒரே மாதிரி நத்தைகள் இருந்தால் கேட்கவா வேண்டும்?

இரட்டையும் மூன்றாவதும்

கெலார்ட் 1858ல் பெயர் வைத்த ஒன்று கிளெனியை. மஞ்சள் சாயலான உடம்பு, அதில் கருமையான திட்டுகள், வண்ண விளிம்பு. பார்க்க அழகு. சிக்கல் என்னவென்றால், இந்து மாக்கடலிலும் பசிபிக்கிலும் இதே சாயலில் இன்னும் சில இருக்கின்றன. 1930ல் பிரெஞ்சுப் பெண்மணி ஆலிஸ் ப்ருவோ-ஃபோல் குனியை என்று ஒன்றுக்குப் பெயர் வைத்தார். 1987ல் ஆஸ்திரேலியாவின் பில் ரட்மன் ஜெமினஸ் என்று ஒன்றைப் பிரித்தார். 1994ல் மாலத்தீவிலிருந்து நத்தாலி யோனோ ட்ரைட்டோஸ் என்று இன்னொன்றைப் பிரித்தார். ஜெமினஸ் என்றால் லத்தீனில் இரட்டைப் பிள்ளை. ட்ரைட்டோஸ் என்றால் கிரேக்கத்தில் மூன்றாவது. பெயரைப் பார்த்தாலே பெயர் வைத்தவர்களின் பாடு தெரிகிறது!

இவை எல்லாம் ஊரும்போது மேலங்கியை ஏற்றி இறக்கி விசிறி மாதிரி அடித்துக்கொள்ளும். பிரித்தறிய விளிம்பில் எத்தனை கோடு, என்ன நிறம், புள்ளியைச் சுற்றி வளையம் உண்டா என்று பார்க்க வேண்டும். அப்புறம் 2012ல் ஜான்சன், காஸ்லினர் இருவரும் டி.என்.ஏ.வை வைத்து இந்தக் குடும்பம் முழுவதையும் திரும்ப அடுக்கினார்கள். அதுவரை குரோமோடோரிஸ் என்ற பேரினத்தில் இருந்த கிளெனியை, குனியை எல்லாம் கோனியோபிராங்கஸ் என்ற பேரினத்துக்கு மாறின. 2018ல் காரா லேட்டன் குழுவினர் குரோமோடோரிஸ் நத்தைகளை டி.என்.ஏ.வோடு ஒப்பிட்டுப் பார்த்து ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்கள். ஒரே இனம் இடத்துக்கு இடம் வேறு வேறு நிறத்தில் இருக்கிறது. வேறு வேறு இனங்கள் ஒரே இடத்தில் ஒரே மாதிரி இருக்கின்றன.

இதற்குக் காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். நிறம் என்பது எதிரிக்கான எச்சரிக்கைப் பலகை. ஒரே ஏரியாவில் எல்லாரும் ஒரே மாதிரிப் பலகை வைத்தால் மீன்கள் சீக்கிரம் பாடம் கற்றுக்கொள்ளும், எல்லாருக்கும் லாபம். அதனால் உறவே இல்லாதவையும் ஒரே நிறத்துக்கு வந்து சேரும்.

சாயம் வேறு, நெசவு வேறு

எங்கள் அப்பா தறிக்காரர். கடையில் சேலை எடுக்கும்போது அவர் நிறத்தைப் பார்க்கவே மாட்டார். திருப்பிப் போட்டுப் பின்பக்கம் பார்ப்பார், பாவையும் ஊடையையும் விரலால் தடவிப் பார்ப்பார். "சாயம் யார் வேணும்னாலும் ஏத்தலாம்டா. நெசவுதான் எந்தத் தறின்னு சொல்லும்" என்பார். கலிங்கா விஷயத்தில் நடந்ததும் இதுதான்.

கலிங்காவுக்குப் பெயர் கிடைத்துவிட்டது, சரி. ஆனால் அது எந்தக் குடும்பம்? பெயர் வைப்பது ஒரு வேலை, குடும்பம் கண்டுபிடிப்பது இன்னொரு வேலை. வெளித்தோற்றத்தில் அது எதைப் போலவும் முழுசாக இல்லை. விசித்திரம்.

இதற்கு வெளியே பார்த்துப் பிரயோஜனமில்லை, உள்ளே பார்க்க வேண்டும். செவுளைத் தொட்டால் உள்ளே இழுத்து ஒளித்துக்கொள்ள ஒரு பை இருக்கிறதா, இல்லையா? அரம் போன்ற நாக்கு, அதாவது பாடப்புத்தகத்து ராடுலா, எப்படி இருக்கிறது? ஒரு வரிசையில் எத்தனை பல், எந்த வடிவம்? இனப்பெருக்க உறுப்புக் குழாய்கள் எப்படிப் பிரிகின்றன? இவையெல்லாம்தான் நெசவு.

இந்த வேலையைக் கலிங்காவுக்குச் செய்தவர் யார் தெரியுமா? லண்டன்காரர் அல்ல. கே. வீரபத்ர ராவ். 1936ல் கல்கத்தாவிலிருந்து வந்த இந்தியன் மியூசிய இதழில், கலிங்கா ஓர்னேட்டாவின் உடலமைப்பை மட்டுமே ஏறத்தாழ நாற்பது பக்கத்துக்கு உறுப்பு உறுப்பாக விவரித்து எழுதினார். ஒரே ஒரு நத்தைக்கு நாற்பது பக்கம்! பின்னாளில் மண்டபம் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியபோதும் ஓடில்லா நத்தைகளை அவர் விடவில்லை. நம் அடையாற்றின் பெயரால் அடையாரென்சிஸ் என்று ஒரு நத்தைக்குப் பெயர் வைத்ததும் அவர்தான்.

அதற்குப் பிறகும் வழக்கு முடியவில்லை. 1956ல் ப்ருவோ-ஃபோல் அம்மையார் கலிங்காவின் பெயரிலேயே ஒரு தனிக்குழுவை உண்டாக்கினார். அதாவது "இது யாரோடும் சேராது, தனிக்குடித்தனம்" என்றார். 2005ல் புஷே, ரோக்ருவா இருவரும் உலகத்து நத்தைக் குடும்பங்களை எல்லாம் ஒழுங்குபடுத்திப் பட்டியல் போட்டபோது, அதைப் பாலிசெரிடே என்ற பெரிய குடும்பத்துக்குள் ஒரு துணைக்குடும்பமாக வைத்தார்கள். கூட்டுக் குடும்பத்தில் தனி அறை மாதிரி.

இதில் ஏன் இவ்வளவு இழுபறி என்றால், சொந்தக்காரர்களின் சாப்பாட்டைப் பாருங்கள். பாலிசெரிடே குடும்பத்தில் பெரும்பாலானவை பாறையில் ஒட்டி வாழ்கிற பாசி விலங்குகளை மேய்பவை. சில கடல் பீச்சிகளைத் தின்னும். ரோபோஆஸ்ட்ரா தன் சொந்தத்திலேயே உள்ள நத்தைகளைத் தின்னும். கலிங்கா மட்டும் சேற்றில் ஓடுகிற நொறுங்கு நட்சத்திரங்களைப் பிடிக்கிறது. சாப்பாடு மாறினால் வாய் மாறும், நாக்கு மாறும், பல் மாறும். அப்போது எது பரம்பரைச் சொத்து, எது பிழைப்புக்காக மாறியது என்று பிரிப்பது கஷ்டம். செவுளை உள்ளே இழுக்கப் பை இல்லாதது பாலிசெரிடே பக்கம் இழுக்கிறது. ஒளிர்வதும் ஒரு துப்பு, ஏனென்றால் அதே குடும்பத்து பிளோகமோஃபெரஸ் நத்தைகளும் ஒளிர்கின்றன. ஆனால் ஒரு துப்பை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. பல துப்புகள் ஒரே திசையில் கை காட்ட வேண்டும்.

எங்கள் ஊர்க் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிவன் பெரியவரா, பெருமாள் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகராஜாக்களுக்குச் சண்டை. கோமதி அம்மன் தவம் இருந்தாள். இறைவன் பாதி சிவனாகவும் பாதி திருமாலாகவும் சங்கரநாராயணராகக் காட்சி தந்தார். வழக்கு தீர்ந்தது. நத்தை விஷயத்தில் அப்படிக் காட்சி தர யாரும் வரப்போவதில்லை. ஆனால் தவம் இருக்க வேண்டும் என்பது மட்டும் பொது. ராவ் இருந்தது தவம். நான் கலர் பென்சிலோடு உட்கார்ந்தது தவம் அல்ல.

"இதனால் என்ன லாபம்?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். வீட்டிலேயே வந்தது. "நத்தை எந்தக் குடும்பமா இருந்தா உனக்கு என்னடா, வேலை கிடைக்குமா?" என்று எங்கள் சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறேன்.

ஒன்று. மனிதன் எப்படி ஞாபகம் வைத்துக்கொள்கிறான் என்ற ரகசியத்தில் பெரும்பகுதியை அவிழ்த்தது ஒரு கடல் நத்தை. அப்ளிசியா என்ற கடல் முயலின் நரம்புகளைப் படித்து எரிக் காண்டல் 2000ல் நோபல் பரிசு வாங்கினார். அவர் சோதித்த நத்தை எது என்று சந்தேகம் இருந்திருந்தால் வேறு எந்த ஆய்வகமும் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்து பார்த்திருக்க முடியாது. மருந்து தேடுகிறவர்களுக்கும் இதே கதிதான். பெயர் தப்பானால் எல்லாம் தப்பு.

இரண்டு. சட்டத்துக்குப் பெயர் வேண்டும். கடல் அட்டைக்குப் பாதுகாப்பு கிடைத்தது, அது இன்னது என்று பட்டியலில் எழுத முடிந்ததால். மன்னார் வளைகுடாவில் 1986ல் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். நல்ல விஷயம். ஆனால் இழுவை மடியில் வந்து கழிசல் குவியலில் விழுகிற நத்தைக்கு என்ன பெயர், அது குறைகிறதா கூடுகிறதா? பெயர் நிச்சயமில்லாத ஒன்றை எண்ண முடியாது. எண்ண முடியாததைக் காப்பாற்றுவது எப்படி? பெயர் தெரிவதற்கு முன்பே கோழித் தீவனமாகப் போய்விடுகிறது. மீன்காரர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு அது வயிற்றுப்பாடு. பார்க்க வேண்டிய நாம் பார்க்கவில்லை என்கிறேன்.

மூன்றாவதாக, இன்னொரு ஆட்சேபமும் கேட்கிறது. "அதான் டி.என்.ஏ. வந்துவிட்டதே, ஒரு துண்டை அனுப்பினால் பதில் வந்துவிடும்." வராது நண்பர்களே! டி.என்.ஏ. என்பது கைரேகை மாதிரி. ரேகையை ஒப்பிட ஏற்கெனவே பெயர் தெரிந்த ஆளின் ரேகை போலீஸிடம் இருக்க வேண்டும். என்னை மாதிரி ஒருவன் ஏதோ ஒரு உருண்டைக்குக் கலிங்கா என்று பெயர் ஒட்டி அதன் டி.என்.ஏ.வைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டால்? அடுத்து வருகிறவர்கள் எல்லாம் அந்தத் தப்பைப் பார்த்தே காப்பி அடிப்பார்கள். அதுவும் கம்ப்யூட்டர் சொன்னது என்ற தைரியத்தோடு!

என்ன செய்யலாம்?

விலங்குகளுக்குப் பெயர் வைப்பதற்கென்று சர்வதேச விதிகள் இருக்கின்றன. அதன்படி ஒரு பெயர் ஒரு மூல மாதிரியோடு கட்டப்பட்டது. அந்த மாதிரி தொலைந்து, உண்மையாகவே குழப்பமும் இருந்தால், புதிதாக ஒன்றை மூல மாதிரியாக நியமிக்கலாம். ஆனால் அது முதலில் கண்ட இடத்துக்கு முடிந்த அளவு பக்கத்திலிருந்து வந்ததாக இருக்க வேண்டும்.

இந்த விதியைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. கலிங்காவுக்கு முதல் இடம் வால்டேர். கெலார்ட்டின் நத்தைகளுக்கு இலங்கைக் கரை. கலிபோர்னியாவில் எத்தனை கோடி ரூபாய் மிஷின் இருந்தாலும், அந்தக் கரையில் கிடைத்த நத்தை இல்லாமல் இந்த வழக்குகளில் கடைசித் தீர்ப்பு எழுத முடியாது. "வெள்ளைக்காரன் எல்லாவற்றையும் கொண்டு போய்விட்டான்" என்று புலம்புகிறோம். பாட்டிலைத்தான் கொண்டு போனான். கடல் இங்கேதானே இருக்கிறது?

செய்ய வேண்டியது பெரிய காரியமும் அல்ல. கடலோரக் கல்லூரிகளில் விலங்கியல் படிப்பவர்கள் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிறோம். போகும்போது உயிரோடு இருக்கும் நத்தையை முதலில் மேலிருந்தும் அடியிலிருந்தும் போட்டோ எடுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து. தேதி, இடம், எத்தனை பாக ஆழம், எந்த மடி என்று படகுக்காரரிடம் கேட்டு எழுதுங்கள். ஒரு சிறு துண்டை சுத்தமான ஆல்கஹாலில் போடுங்கள், ஏனென்றால் ஃபார்மலின் டி.என்.ஏ.வைக் கெடுத்துவிடும். மீதி உடம்பைப் பத்திரப்படுத்தி, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கக் கூடிய அருங்காட்சியகத்தில் கொடுங்கள். கல்லூரி அலமாரியில் பூட்டி வைத்தால் லேபிள் உதிர்ந்து, பத்து வருஷத்தில் அதுவும் ஓர் உருண்டைதான்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதுங்கள். நம் பரீட்சை முறையில் "தெரியாது" என்று எழுதினால் பூஜ்யம், எதையாவது எழுதி வைத்தால் அரை மார்க்காவது கிடைக்கும். அந்தப் பழக்கம்தான் என் ரெக்கார்டு நோட்டில் கலிங்கா என்று எழுத வைத்தது. அறிவியலில் கணக்கு தலைகீழ். "இனம் தெரியவில்லை" என்று எழுதினால் அந்தக் கேள்வி உயிரோடு இருக்கும், நாளைக்கு ஒருவர் வந்து பதில் சொல்வார். தப்பான பெயரை அடித்துச் சொல்லிவிட்டால் கேள்வியே செத்துப்போகும். அங்கே ஒரு கேள்வி இருந்தது என்றுகூட யாருக்கும் தெரியாது.

அந்த பாட்டில் இன்னும் என் மேஜையில் இருக்கிறது. நான் பிடித்தது கலிங்காவா, இல்லையா? எனக்குத் தெரியாது. போட்டோ எடுக்கவில்லை, ஆழம் கேட்கவில்லை, ஃபார்மலினில் போட்டுக் கெடுத்தும் விட்டேன். ஆனால் நாக்கும் பல்லும் உள்ளே அப்படியேதான் இருக்கும், அவை சாயம் மாதிரிப் போகிறவை இல்லை. வருகிற லீவில் சாரிடம் கேட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். நாற்பது பக்கம் எழுத எனக்கு வராது. நாலு வரி உண்மையாக எழுதினால் போதும்.

சிவப்பு மை பட்ட அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. என் நோட்டிலேயே அறிவியல் எழுதியிருக்கிற ஒரே பக்கம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.